பத்துக்குப் பின்னால் ஒன்பது

ஒன்பது என்ற எண்ணை நம்பித்தான் அமிர்தவல்லி வீட்டைவிட்டுக் கிளம்பினாள். நேர்காணலுக்கு வரச் சொன்ன கடுதாசியின் மேல்மூலையில் சிவப்பு மையில் அந்த எண் இருந்தது. அவளுக்கு முன்னால் எட்டே பேர். எவ்வளவு இழுத்து இழுத்துக் கேள்வி கேட்டாலும் உச்சிவேளைக்குள் முடிந்துவிடும். அதைச் சொல்லித்தான் நாத்தனார் அஞ்சலாட்சியின் மடியில் ஐந்து மாதக் குழந்தையைப் போட்டாள்.

"மில்லு சங்கு ஊதுனா நான் கிளம்பிக்கினே இருப்பேன், இப்பவே சொல்லிட்டேன்," என்றாள் அஞ்சலாட்சி. அவளுக்கு மதிய ஷிப்டு. "அப்ப நீ வந்து நிக்கலைன்னா இந்தப் புள்ளய பக்கத்து ஊட்டு ஆட்டுக்குட்டியோட சேத்துக் கட்டிட்டுப் போவேன்."

அப்படிச் செய்கிற மனுஷி இல்லைதான். ஆனால் ஷிப்டைத் தவறவிடுகிற மனுஷியும் இல்லை. அமிர்தவல்லியின் புருஷனோ லாரியில் ஏறினால் வாரம் கழித்துத்தான் முகம் காட்டுவான். சாரம் என்ற பகுதியில் இருந்த அந்த வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை.

வேலை ஆஸ்பத்திரியில். நோயாளிகளின் அட்டைகளை அடுக்கி வைத்து, கேட்கும்போது எடுத்துத் தர வேண்டும். பழைய அட்டைகள் பிரெஞ்சில் இருந்ததால் பிரெஞ்சு தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். அந்த ஒரு வரியைப் பார்த்ததும் அமிர்தவல்லி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ரெட்டியார்பாளையத்து விவசாயி மகள், கன்னியர் பள்ளியில் அடம்பிடித்துப் படித்து பிரெவே என்ற பிரெஞ்சுப் பரீட்சை பாஸ் பண்ணியவள். அவள் பாஸ் பண்ணிய மறு வருஷமே பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டினான். அவன் போனதில் அவளுக்கு வருத்தமில்லை. அவள் படிப்பையும் அதே மூட்டையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டானே என்பதில்தான் வருத்தம். நாலு வருஷமாக எங்கே போனாலும் இங்கிலீஷ் தெரியுமா என்றுதான் கேட்டார்கள். இப்படியொரு வேலை இனி எப்போது வரும்? வராது. அது அவளுக்குத் தெரியும்.

கிளம்பும் நேரத்தில் குழந்தை மாரை விடவில்லை. பிடுங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் கால் வைத்தபோது ஒரு குரல் கேட்டது.

"நம்பர் பன்னெண்டு."

அமிர்தவல்லி கடுதாசியை எடுத்து எண்ணை மறுபடி பார்த்தாள். பெஞ்சின் ஓரத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த ஓர் இளம்பெண்ணிடம், "ஒன்பதக் கூப்ட்டுட்டாங்களா?" என்று கேட்டாள்.

"நீங்க ஒன்பதா? நான் எட்டு," என்றாள் அந்தப் பெண். "நம்மள யாரு கூப்புட்டா? மொதல்ல ஒண்ணு போனாரு. உடனே பத்துன்னாங்க. அப்புறம் பதினொண்ணு. நம்மள அப்படியே தாண்டிட்டாங்க."

அவள் பெயர் ஷாஜாதி. அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா கலீலுல்லாவுக்கு ஊருக்குள் ஜவுளிக்கடை. வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு தடவைக்கு அனுமதி வாங்கி வந்திருந்தாள். மத்தியானம் அண்ணன் வந்து கூட்டிப்போவான். அதோடு சரி, மறுபடி வாசல் தாண்ட விடமாட்டார்கள் என்று சொன்னபோது அவள் கண் கலங்கியது.

வராந்தாவில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அந்த வருஷங்களில் புதுச்சேரியில் எது நடந்தாலும் காரணம் இரண்டில் ஒன்று: நீ இந்தியாவோடு இணைப்புக்குக் கொடி பிடித்தவன், அல்லது பிடிக்காதவன். மழை பெய்யாததற்குக்கூட அப்படிக் காரணம் சொன்னவர்கள் உண்டு. லாஸ்பேட்டையிலிருந்து வந்திருந்த தெய்வசிகாமணி என்ற மீசைக்காரருக்கு எண் இரண்டு. அவர், "பத்துலேர்ந்து ஆரம்பிக்கிறான்னா பத்துலதான் அவனுக்கு வேண்டியவன் இருக்கான், இது தெரியலையா?" என்று எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் எண்ணும் ஐந்தாம் எண்ணும் கோபித்துக்கொண்டு போய்விட்டார்களாம். ஆறாம் எண் கடுதாசியைக் கிழித்துப் போட்டுவிட்டே போனானாம்.

கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் குமாஸ்தா ஜானகிராமன். பிரெஞ்சுக்காரன் ஆபீஸிலேயே தலை நரைத்தவர். எல்லோரும் பிரெஞ்சு வழக்கப்படி முசியே என்றுதான் அழைத்தார்கள். அமிர்தவல்லி பக்கத்தில் போய், "ஐயா, ஒன்பது..." என்று ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வரிசைப்படி வரும். போய் உக்காரும்மா."

எந்த வரிசை என்று கேட்பதற்குள் கதவுக்குள் போய்விட்டார். அமிர்தவல்லி வந்து உட்கார்ந்தாள். பதின்மூன்று போனது, பதினான்கு போனது. வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தாள். போனால் அஞ்சலாட்சி ஒன்றும் சொல்லமாட்டாள், அதுதான் தாங்காது. மார் கனத்து வலித்தது. எவனோ ஒருவனுடைய சிபாரிசுக்காக இந்தப் பச்சைப் பிள்ளையை விட்டுவிட்டு வந்தேனே என்று தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

பத்தொன்பதாம் எண் உள்ளே போய் வெளியே வந்தது. இருபதாம் எண்காரர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றார். ஜானகிராமன் தலையை நீட்டினார்.

"நம்பர் ரெண்டு."

தெய்வசிகாமணி பாதிப் பேச்சில் இருந்தார். அவரைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்கே உறைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் விலாவில் இடித்த பிறகு, நியாயம் கேட்க வைத்திருந்த முகத்தை அவசரமாக மாற்றிக்கொண்டு உள்ளே ஓடினார். அவர் வந்ததும் இருபதைக் கூப்பிட்டார்கள். பிறகு இருபத்தொன்று.

அமிர்தவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் அகராதியைப் புரட்டிப் புரட்டி விரல் தேய்ந்தவள் அவள். அகராதியில் 'கல்' வரும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கல்யாணம், கல்வி என்று எல்லாம் வரும். 'க' முழுசாகத் தீர்ந்தால்தான் 'கா'வுக்கு வழி. இந்த மனுஷர் எண்ணையும் எழுத்து மாதிரியே அடுக்கியிருக்கிறார். முதல் இலக்கம் ஒன்று என்றால் பத்தும் பத்தொன்பதும் ஒன்றின் வீட்டுப் பிள்ளைகள். ஒன்றின் குடும்பம் முழுக்கப் போன பிறகுதான் இரண்டின் குடும்பம். அவள் விரல்விட்டுப் பார்த்தாள். மூன்று, அதன் பின்னால் முப்பதுகள். நான்கு, அதன் பின்னால் நாற்பது முதல் நாற்பத்திரண்டு வரை. அதற்குமேல் ஆள் இல்லை. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒன்பது.

தன்னை யாரும் தள்ளவில்லை என்று தெரிந்ததும் மூச்சு இலேசானது. அடுத்த நொடியே மில் சங்கு நினைவுக்கு வந்தது. அதற்கும் அடுத்த நொடியில் வந்த நினைப்பு அவ்வளவு நல்ல நினைப்பு இல்லை. ஷாஜாதி கடுதாசியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். மூன்று பேர் ஏற்கெனவே போய்விட்டார்கள். இவளும் போனால் இன்னும் ஓர் ஆள் குறையும். வேலை ஒன்றுதான். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

ஷாஜாதி எழுந்து, "வரேங்க்கா," என்றாள்.

அந்த 'அக்கா'தான் கெடுத்தது. "உக்காரும்மா," என்றாள் அமிர்தவல்லி. "நம்மள யாரும் தாண்டல. கடைசில வெச்சிருக்காங்க, அவ்ளோதான்." அகராதிக் கணக்கைச் சொன்னாள். ஷாஜாதி நம்பவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஜானகிராமனிடம் போனார்கள்.

"முசியே, முப்பத்தொம்போது முடிஞ்சதும் நாலுதானே வரும்?" என்று கேட்டாள் அமிர்தவல்லி.

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யாரு சொன்னது?"

"நானா யோசிச்சேன்."

காலையிலிருந்து கடுகடுவென்று இருந்த முகம் முதல் தடவையாக மலர்ந்தது. "பாத்தியா. அத்தினி பேரும் என்னைத் திட்டுனாங்க, ஒருத்தரும் யோசிக்கல. பேரு அடுக்கறப்ப மொத எழுத்து, அப்புறம் ரெண்டாவது எழுத்து. எங்க அலமாரியில பரம்பரையா அப்படித்தான். நம்பருக்கு மட்டும் தனிச் சட்டமா? இதுல ஆள் பாக்கறது கிடையாது. மினிஸ்டர் வந்தாலும் அதே எடந்தான்."

"அப்ப ஒன்பது எப்ப வரும்?"

"சாப்பாட்டுக்கு அப்புறம். அதுக்கு முன்னால வரவே வராது. தைரியமா ஊட்டுக்குப் போய்ட்டு வா."

அமிர்தவல்லி சாரத்துக்குப் பறந்தாள். குழந்தை அழுது அழுது முகம் சிவந்து கிடந்தது. வாரி எடுத்துப் பால் கொடுத்தாள். அஞ்சலாட்சி கொண்டையை முடிந்துகொண்டே, "என்ன, கெடச்சுதா?" என்று கேட்டாள்.

"இன்னும் கூப்புடல அண்ணி."

"ஒன்பதுன்னு சொன்னியே."

"அங்க பத்துக்கு அப்புறந்தான் ஒன்பது."

"இது எந்த ஊரு கணக்குடி?" என்றாள் அஞ்சலாட்சி. ஆனாலும் போகிற அவசரத்திலும் ஒரு பழந்துணியும் கிலுகிலுப்பையும் எடுத்துப் பையில் போட்டு அவள் தோளில் மாட்டிவிட்டாள். "புள்ளயத் தூக்கிக்கினு போ. வேல குடுக்கறவன் புள்ளய பாத்துட்டா கடிச்சா துப்புவான்?" சங்கு ஊதியது. இரண்டு பெண்களும் ஆளுக்கொரு திசையில் நடந்தார்கள்.

வராந்தா காலியாக இருந்தது. ஏழாம் எண் வரவே இல்லை. ஷாஜாதி மட்டும் பெஞ்சில் இருந்தாள். அண்ணன் வந்து கத்திவிட்டு, கடை மூடும்போது வருகிறேன் என்று போயிருக்கிறானாம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளைக் கூப்பிட்டார்கள். போன சுருக்கில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"கஷ்டமே இல்லக்கா. போங்க போங்க. பாப்பாவ இப்படிக் குடுங்க."

முன்பின் தெரியாதவளிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு அமிர்தவல்லி உள்ளே போனாள். நினைத்துப் பார்த்தால் அவளுக்கே ஆச்சரியம்தான். வேறு யாரிடம் கொடுப்பது?

மேசைக்குப் பின்னால் டாக்டரம்மா இருந்தார். மெட்ராஸிலிருந்து வந்தவர், பிரெஞ்சும் படித்தவர், ஐம்பதை நெருங்கிய மனுஷி. ஏறக்குறைய நாற்பது பேரைப் பார்த்த களைப்பு முகத்தில் தெரிந்தது. பழைய அட்டை ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அமிர்தவல்லி பிரெஞ்சில் படித்து, தமிழில் சொன்னாள். காய்ச்சல், இருமல், கொடுத்த மருந்து. தடுமாற்றமே இல்லை. பிறகு ஒரு கட்டு அட்டைகளை முன்னால் தள்ளினார்.

"எல்லாம் ஒரே தெரு. மூலையில் வீட்டு நம்பர் இருக்கிறது. இங்கே தெரு, வீட்டு நம்பர் பார்த்துத்தான் அட்டை வைக்கிறோம். வரிசையாக அடுக்கு."

அமிர்தவல்லி பிரித்துப் பார்த்தாள். நூறு, ஒன்பது, ஒன்று, இரண்டு, பதினொன்று, பத்து. ஓர் அட்டையில் '9 பிஸ்' என்று இருந்தது. ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் புதிதாக ஒரு வீடு முளைத்தால் பிரெஞ்சுக்காரன் தெரு முழுக்க எண்ணை மாற்றமாட்டான். அதற்கு ஒன்பது பிஸ் என்று பெயர் வைத்துவிட்டு ஒயினைக் குடிக்கப் போய்விடுவான். ஊரில் பாதிப் பேருக்கு விலாசம் அப்படித்தான். அமிர்தவல்லி கையை வைத்தவள், எடுத்துவிட்டாள்.

"எந்த வரிசைல அடுக்கணும்?"

"வரிசையில் எத்தனை வரிசை இருக்கிறது?" என்றார் டாக்டரம்மா.

"ரெண்டு இருக்குதுங்க. வெளிய எங்கள கூப்புட்ட வரிசைன்னா ஒண்ணு, பத்து, நூறு, பதினொண்ணு, அப்புறம் ரெண்டு. எண்ணிக்கினு போற வரிசைன்னா ஒண்ணு, ரெண்டு, ஒன்பது, ஒன்பது பிஸ், பத்து. இந்த அட்டையத் தேடறது யாருங்க?"

"நர்ஸுகள். ஜுரத்தோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வந்து நிற்பாள், இவர்கள் தேடுவார்கள். பாதி நாள் கிடைப்பதே இல்லை. புதிதாக அட்டை போட்டுவிடுகிறார்கள்."

"ஒன்பதாம் நம்பர் வீட்ட எங்க தேடுவாங்க?"

"பத்துக்கு முன்னால் தேடுவார்கள். வேறெங்கே..." டாக்டரம்மா பாதியில் நிறுத்தினார். வாசலுக்கு வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஜானகிராமன், அலமாரியில் ஒன்பதாம் நம்பர் எங்கே வைப்பீர்கள்?"

"எண்பத்தொம்பதுக்கு அடுத்ததுங்க மதாம்," என்று உடனே பதில் வந்தது. குரலில் பெருமை இருந்தது.

டாக்டரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அமிர்தவல்லி எண்ணிக்கொண்டு போகிற வரிசையில் அட்டைகளை அடுக்கி, பிஸ்ஸை அதன் இடத்தில் செருகி, கட்டைத் திருப்பி வைத்தாள்.

"வேலை உனக்குத்தான்," என்றார் டாக்டரம்மா. "மற்றவர்கள் பிஸ்ஸைப் பார்த்துக் குழம்பினார்கள், இல்லையென்றால் நான் சொன்னதும் எதையோ அடுக்கினார்கள். கேட்டவள் நீ ஒருத்திதான். உனக்கு முன்னால் வந்த பெண்ணும் கெட்டிக்காரிதான். பிரெஞ்சு உன்னைவிட நன்றாக வருகிறது. ஆனால் ஒன்று, பத்து, நூறு என்று அடுக்கிவிட்டாள். ஏன் என்று கேட்டால், இங்கே வழக்கம் அதுதானே என்கிறாள். எங்கிருந்து பிடித்தாளோ."

அமிர்தவல்லிக்குச் சந்தோஷம் நெஞ்சுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. எங்கிருந்து பிடித்தாள் என்று அவளுக்குத் தெரியும். ஷாஜாதியை உட்கார வைத்து விரல்விட்டுச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். நல்லது செய்கிறேன் என்று போய்க் குழி வெட்டியிருக்கிறாள். வெளியே அந்தப் பெண் குழந்தைக்கு ஏதோ பாட்டு முணுமுணுப்பது கேட்டது. எழுந்து கும்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் வெளியே போய் அந்தக் கையிலிருந்து எப்படிக் குழந்தையை வாங்குவது?

"அம்மா, அது நான் சொன்னதுங்க," என்றாள். "அவ போறேன்னு கிளம்புனா. இங்க வரிசை இப்படித்தான், இருன்னு சொல்லி உக்கார வெச்சது நானு. அத வெச்சித்தான் அடுக்கியிருக்கா. அது அவ தப்பு இல்லீங்க. அவளுக்கு இன்னொரு தடவ குடுங்க."

"வேலை ஒன்றுதான். தெரிந்துதான் பேசுகிறாயா?"

"தெரிஞ்சுதாங்க." அழுதுவிடுவோமோ என்று பயந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டது. "அது யார் குழந்தை?" என்றார் டாக்டரம்மா.

"என்னுதுங்க. அவதான் வெச்சிருக்கா."

டாக்டரம்மா அடுக்கிய கட்டைக் கலைத்துப் போட்டார். பிறகு, "குழந்தையோடு அவளை உள்ளே கூப்பிடு," என்றார்.

ஷாஜாதி குழந்தையோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அமிர்தவல்லியை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கோபமும் இருந்தது, அதை வைத்துக்கொள்ளத் தெரியாத குணமும் இருந்தது. குழந்தையை இடுப்பில் வைத்தபடியே அட்டைகளை வாங்கினாள். ஒரே கையால் அடுக்கினாள். ஒன்பது பிஸ்ஸைக் குழந்தை பிடுங்கி வாயில் வைத்தது. அதை மெதுவாக உருவி, முந்தானையில் துடைத்து, ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் வைத்தாள். ஒரு தப்பும் இல்லை.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஜானகிராமன் தொண்டையைச் செருமினார். "வரிசையா வைன்னு சொன்னாங்க மதாம், வெச்சேன். யாரு தேடுவாங்கன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லலியே."

"உங்க வரிசை வளையாததாலதான் முசியே, நான் ஊட்டுக்குப் போய்ப் புள்ளைக்குப் பால் குடுத்துட்டு வந்தேன்," என்றாள் அமிர்தவல்லி. மனுஷர் வாடிப்போய் நிற்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

டாக்டரம்மா முடிவைச் சொன்னார். தொடும் முன் கேட்டவள் அமிர்தவல்லி. இந்த வேலை அவளுக்கு. ஆனால் பெண்கள் பகுதிக்குத் தனியாக ஓர் அட்டை அறை திறக்கப்போகிறார்கள். அதற்கு மறுபடி நேர்காணல் கிடையாது. இன்றைய பட்டியலிலிருந்துதான் ஆள் எடுப்பார்கள். "நீ அதில் இரண்டாவது," என்றார் ஷாஜாதியிடம்.

ஷாஜாதி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"ரெண்டாவதுன்னா ஒண்ணுக்கு அடுத்த ரெண்டாங்க, இல்ல பத்தொம்போது போனப்புறம் வர்ற ரெண்டாங்க? அத்தாகிட்ட போய்ச் சொல்லணும். சரியாத் தெரிஞ்சிக்கினு போறேன்."

ஜானகிராமன்தான் முதலில் சிரித்தார். டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் பேனாவை எடுத்து, ஷாஜாதியின் பெயருக்கு எதிரே எண் எதுவும் போடாமல், 'அமிர்தவல்லிக்கு அடுத்து' என்று எழுத்தால் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாளைத் திருப்பி அவளிடம் காட்டினார்.

ஷாஜாதி அதை இரண்டு தடவை படித்தாள். ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த அறையைத் திறந்தபோது, முதல் கடுதாசி ஜவுளிக்கடைக்குத்தான் போனது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் அமிர்தவல்லி.